அரைச் சுற்று

சிவகிரியைத் தாண்டும்போது பெரியப்பா கேட்டார்: "பின்னாடி வர்ற லாரியோட நம்பரை வாசி, பார்ப்போம்."

கண்ணாடியைப் பார்த்தேன். லாரி தெரிந்தது. முகப்பில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தும் தெரிந்தது. எண்பலகை மட்டும் தண்ணீர் பட்டு மை கலைந்த காகிதம்போல இருந்தது. வேகத்தை எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினேன். எழுத்துகள் ஒன்றுசேர்ந்தன. மறுபடி எழுபதுக்குப் போனேன். மறுபடி கலைந்தன.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. வண்டிக்குத்தான் ஜன்னி கண்டிருக்கு," என்றார்.

ஆனி மாதத்தின் கடைசி வாரம். மதுரையில் வெயில் வைகாசியை விட்டு நகர மறுத்ததால் குற்றாலத்துக்குக் கிளம்பியிருந்தோம். திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே இறங்கும் சாலை அது. தென்காசி வரை நூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம். மலை கூடவே வரும், ஆனால் பக்கத்தில் வராது. கடையநல்லூர் தாண்டிய பிறகுதான் நம் பக்கம் திரும்பிப் பார்க்கும்.

வாசுதேவநல்லூரில் டீக்கு நிறுத்தினோம். பெரியப்பா மதுரைப் பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். டீ வருவதற்குள் சோதனையைத் தொடங்கிவிட்டார். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, என்னை ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கச் சொன்னார். இரண்டாயிரம் சுற்றைத் தாண்டியதும் டேஷ்போர்டில் கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஊர்ந்தது. சக்கரம் சுற்றவில்லை, கூடு ஊர்கிறது. ஆக டயரும் இல்லை, வீல் பேலன்ஸும் இல்லை, ரோடும் இல்லை. குற்றவாளி பானெட்டுக்கு அடியில்தான்.

"போன மாசம் பெல்ட்டு மாத்துன நாள்ல இருந்து இப்படித்தான்," என்றார். அந்த வேலை மதுரையில் ஒரு பட்டறையில் நடந்தது. பில்லில் 'டைமிங் பெல்ட், பேலன்சர் பெல்ட், டென்ஷனர்' என்று மூன்று வரி இருந்தது. பணமும் மூன்று வரிக்கும் வாங்கியிருந்தார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது லான்சர் டீசல். பெயர் ஜப்பானியக் குடும்பத்துப் பெயர், பிறந்தது திருவள்ளூரில். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியோடு கைகோத்து 1998 முதல் அங்கே லான்சரைத் தயாரித்தது. அந்தக் காலத்தில் டாக்டர்களும் மில் முதலாளிகளும் வாங்கிய கார். பெரியப்பாவுக்கு அது ஒரு மில் முதலாளியின் மகனிடமிருந்து மூன்றாம் கையாக வந்தது. இரண்டு லிட்டர் டீசல் என்ஜின், குதிரைத் திறன் எழுபதைத் தொடாது. ஆனால் அந்தக் காலத்து டீசல் வண்டிகளில் இத்தனை அமைதியானது வேறில்லை என்று பெரியப்பா சத்தியம் செய்வார். அந்த அமைதிக்கு ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் யாரோ கெடுத்து வைத்திருந்தார்கள்.

*

புளியங்குடியில் சாலையோரம் எலுமிச்சைக் குவியல்கள். கடையநல்லூரைத் தாண்டியதும் காற்று மாறியது. செங்கோட்டைக் கணவாய் மலைச்சுவரில் விழுந்த ஓர் இடைவெளி. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே கொஞ்சம் ஈரத்தைத் திருடிக்கொண்டு இந்தப் பக்கம் புகுந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நட்டு வைத்திருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். இந்த ஊர்க்காரர்கள் சாரல் என்று சொல்வது மழையை அல்ல. குடை விரித்தால் நனைய மாட்டோம், விரிக்காவிட்டாலும் நனைந்ததாகச் சொல்ல முடியாது. அப்படி ஒரு தண்ணீர்ப் பொடி.

தென்காசியில் இரண்டு இடத்தில் விசாரித்தபோது இரண்டு பேரும் ஒரே பட்டறையைத்தான் சொன்னார்கள். செங்கோட்டைச் சாலையில் தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் பிரித்துப் போட்ட ஜீப். அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டி வயது. புனலூரில் தொழில் பழகியவர் என்பதால் பேச்சின் ஓரத்தில் மலையாளம் லேசாக இழையும். வண்டியை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி மூச்சை இழுத்துவிடச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பெல்ட்டு மாத்துனீயளோ?"

"போன மாசம், அண்ணாச்சி."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"ஓட்டைக்குள்ள கம்பி விட்டுப் பாத்தாவளா?"

நானும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு ஓட்டை இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"தெரியலன்னா பாக்கலன்னுதான் அர்த்தம். இன்னைக்கு நான் தொடமாட்டேன். என்ஜின் கொதிக்கு. காலையில வாங்க, ஆறிக் கிடக்கும்."

அவசரத்தில் தட்டிக்கழிக்கிறாரோ என்று நினைத்தேன். பெரியப்பாதான் விளக்கினார். சூடேறிய என்ஜின் விரிந்திருக்கும். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு மயிரிழை கூடியிருக்கும். அந்த நிலையில் பெல்ட்டின் இழுவையைச் சரிபார்த்து முடுக்கினால், ஆறிய பிறகு தொங்கிப்போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் பெல்ட்டுக்கு அதிகப் பாடு. அப்போது தொங்கலாக இருந்தால் ஒரு பல் தாண்டிவிடும்.

"மில்லுல இருந்த தட்டை பெல்ட்டு வழுக்கும். வழுக்குறதுதான் அதுக்குப் பாதுகாப்பு," என்றார். "நூல் சிக்கிக்கிட்டா பெல்ட்டு வழுக்கி மிஷினக் காப்பாத்தும். இந்தப் பல் பெல்ட்டு வழுக்கவே கூடாது. வழுக்கினா மிஷினு செத்துரும்."

டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் சிலிண்டரின் தலைக்கும் நடுவே கிட்டத்தட்ட இடமே இருக்காது. அந்த நேரத்தில் வால்வு திறந்திருந்தால் பிஸ்டன் அதை அடித்து வளைத்துவிடும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, தப்பாமல். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது கண்ணாடி இழை நூல் பதித்த ஒரு ரப்பர் பட்டை. மற்றபடி அங்கே வேறு காவல் கிடையாது.

*

வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். தென்காசியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கோபுரம் எட்டிப் பார்க்கும். காசி விஸ்வநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். பழைய கோபுரம் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டையாக நின்று, இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 1990-இல்தான் எழுந்து முடிந்தது. வாசலில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மலைக் கணவாயில் புகுந்த அதே காற்றுதான். உள்ளே போகும்போது ஒரு பக்கம் தள்ளும், நாலடி போனதும் மறுபக்கம் தள்ளும். பெரியப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியனின் பெயரில் ஒரு கல்வெட்டுப் பாட்டு உண்டு. அரசர்கள் கல்வெட்டில் தங்களைப் புகழ்ந்துகொள்வார்கள், அழித்தவனுக்குச் சாபம் கொடுப்பார்கள். இவன் வேறு மாதிரி. பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்து, அதை யார் வந்து சரிசெய்து காப்பாற்றினாலும், உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்கிறான். கட்டும்போதே பழுது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டியவன் பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவனுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு போட்டு வைத்திருக்கிறான். 1990-இல் கோபுரத்தை எழுப்பியவர்களுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கும்பிடு போய்ச் சேர்ந்தது.

"மில்லுல முப்பது வருஷத்துல எனக்கு யாரும் கும்பிடு போடல," என்றார் பெரியப்பா.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் குற்றாலம் போனோம். ஐந்து கிலோமீட்டர்தான். பேருந்து நிறுத்தத்திலேயே எண்ணெய் வாசனை வந்துவிட்டது. பலகையில் படுத்துக் கிடப்பவர்களின் முதுகில் 'படார் படார்' என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் வண்டிகளில் குவிந்திருந்தன. பேரருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது.

பேரருவியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை மட்டும் அதை ஒரு இயந்திரமாகப் பார்த்தேன். மலை உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவே பாறையில் ஓர் ஆழமான குழி. பொங்குமாகடல் என்று பேர். தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, தன் வேகத்தைத் தானே முட்டி மோதித் தொலைத்து, பிறகு பொங்கி வழிந்து நம் மேல் விழுகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் கீழே ஒருவர் நிற்க முடியாது. இயற்கை அங்கே ஓர் அதிர்வு தாங்கியை வெட்டி வைத்திருக்கிறது. அதைக் கட்டியவர் யாருமில்லை, அதனால் சரிபார்க்க வேண்டியவரும் யாருமில்லை.

அருவிக்கு எதிரே நின்ற காவலர் ஒருவரைக் கவனித்தேன். குளிப்பவர்களைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவர் மலைமேல் மேகத்தையும் விழும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இங்க மழையே இருக்காது. மேல பெஞ்சிரும். தண்ணி கலங்குச்சுன்னா விசில்தான், யாரையும் நிக்க விடக்கூடாது," என்றார்.

2024-இல் மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அதுதான் நடந்தது. நாட்காட்டிப்படி சீசன் தொடங்கக்கூட இல்லை. ஜூனில்தானே சீசன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் காட்டுக்குள் கோடைமழை கொட்டி, திடீரென்று வெள்ளம் வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். நாட்காட்டியில் இருக்கும் குறி ஒன்று, மலைக்குள் இருக்கும் நிலைமை வேறொன்று. அந்தக் காவலர் கண்ணால் துளைபோட்டுக்கொண்டிருந்தது மலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான்.

இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா. பெயரே பார்டர் பரோட்டா. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லை நகர்ந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது, பரோட்டாவுக்கு மட்டும் அது இன்னும் அங்கேயே நிற்கிறது. மொறுமொறுப்பான சின்னப் பரோட்டாக்கள், மேலே ஊற்றிய நாட்டுக்கோழிச் சால்னா. பெரியப்பா ஆறு சாப்பிட்டார், நான் எண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டு.

*

காலை ஆறே முக்காலுக்குப் பட்டறைக்குப் போனபோது வேலை தொடங்கியிருந்தது. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கியிருந்தார்கள். ஒரு பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றினால்தான் பெல்ட்டுக்குப் போக முடியும். மூடிகள் கழன்றிருந்தன. கிராங்க், கேம், டீசல் பம்பு, ஆயில் பம்பு என்று நான்கு பல்சக்கரங்கள். நான்கையும் ஒரே பெல்ட் வளைத்துக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சின்ன பெல்ட். அதுதான் பேலன்சர் பெல்ட்.

அண்ணாச்சி கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றி, முதல் பிஸ்டனை டாப்புக்குக் கொண்டுவந்தார். எதிர்த் திசையில் ஒரு பல்கூடத் திருப்பவில்லை. திருப்பினால் பெல்ட்டின் தொங்கல் டென்ஷனர் பக்கத்திலிருந்து இழுபடும் பக்கத்துக்குப் போய்விடும். பிறகு குறி பார்ப்பது பொய்யாகிவிடும்.

"பாருங்க. கேம் குறி சரி. கிராங்க் குறி சரி. பம்பு குறி சரி. ஆயில் பம்பு குறியும் சரி. மாத்துனவரு கண்ணு நல்ல கண்ணுதான்."

எல்லாக் குறியும் கோடு பிடித்தாற்போல நின்றன. பெரியப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். முகத்தில் ஏமாற்றம். குற்றவாளி கிடைக்கவில்லையே.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலிருந்த ஒரு திருகு மூடியைக் கழற்றினார். விரல் நுழையாத ஓட்டை. எட்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை அதற்குள் விட்டார். ஓர் அங்குலம்கூடப் போகாமல் 'டக்' என்று முட்டி நின்றது.

"அறுபது மில்லி போவணும். இருபதோ இருபத்தஞ்சோ போயிருக்கு. உள்ள இருக்கது தலைகீழா நிக்கு."

இதைப் புரிந்துகொள்ள அந்த அமைதியின் கதைக்குப் போக வேண்டும்.

நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கும் என்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். கணக்குப்படி எல்லாம் சமன். ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பி சாய்ந்து சாய்ந்து சுற்றுவதால், பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் போகும். ஏறுவதும் இறங்குவதும் முழுசாகக் கழிவதில்லை. மிச்சம் விழும் உதறல் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வரும். எடையைக் கூட்டியும் குறைத்தும் அதைத் தீர்க்க முடியாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் ஒரு வழி கண்டார். உதறலை நிறுத்த முடியாவிட்டால், அதே அளவில் எதிர் உதறல் ஒன்றை உண்டாக்கு. ஒரு பக்கம் கனமான இரண்டு தண்டுகளை எதிரெதிர்த் திசையில், கிராங்கைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுற்றவிட்டார். கிராங்க் நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் இவை 6,000. பக்கவாட்டு இழுப்பை இரண்டும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளும். மேல் கீழ் இழுப்பு கூடி, பிஸ்டனின் மிச்ச உதறலைக் கழித்துவிடும்.

யோசனை நல்லது, ஆனால் நெடுங்காலம் பரவலாகவில்லை. 1970-களில் மிட்சுபிஷி அதைத் தூசு தட்டி எடுத்து, இரண்டு தண்டுகளையும் ஒரே உயரத்தில் வைக்காமல் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக வைத்து, உருளும் ஆட்டத்தையும் குறைத்தது. 'சைலன்ட் ஷாஃப்ட்' என்று பெயர் வைத்து விற்றது. 1982-இல் வந்த போர்ஷே 944 காருக்கு அந்த ஜெர்மன் நிறுவனமே உரிமத் தொகை கட்டி இந்த ஏற்பாட்டை வாங்கிக்கொண்டது. அந்தக் காரிலும் ஒரு டைமிங் பெல்ட், ஒரு பேலன்சர் பெல்ட். இழுவையை அளக்க அதற்கென்றே ஒரு கருவி. போர்ஷேக்காரர்கள் படும் பாட்டையேதான் நாங்கள் தென்காசி வேப்பமரத்தடியில் பட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் வண்டியில் ஒரு தண்டைச் சின்ன பெல்ட் சுற்றுகிறது. இன்னொரு தண்டு ஆயில் பம்போடு சேர்ந்து சுற்றுகிறது. சிக்கல் அங்கேதான். ஆயில் பம்பின் பல்சக்கரத்தை ஒரு முழுச்சுற்று சுற்றினால் குறி அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஆனால் உள்ளே பல்லிணைப்பின் கணக்கு வேறு என்பதால் தண்டு அரைச் சுற்று தள்ளிப்போய் நிற்கும். வெளியே பார்ப்பவருக்கு இரண்டு நிலையும் ஒன்றுதான். குறி பொய் சொல்லாது, முழு உண்மையையும் சொல்லாது. அதனால்தான் அந்த ஓட்டை. தண்டு சரியான நிலையில் நின்றால் மட்டுமே ஸ்க்ரூடிரைவர் முழுசாக உள்ளே இறங்கும்.

அரைச் சுற்றுப் பிழையோடு ஓட்டினால் நடுக்கம் குறையாமல் போவதோடு முடியாது. இரண்டு தண்டும் இப்போது ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். மேல் கீழ் இழுப்பு தங்களுக்குள்ளேயே கழிந்துபோகும். பக்கவாட்டு இழுப்பு கூடிக்கொள்ளும். தண்டுகளே இல்லாத வண்டியைவிட மோசமாக ஆடும். மூக்குக்கண்ணாடிக் கூடு நண்டுபோலப் பக்கவாட்டில் ஊர்ந்தது ஏன் என்று அப்போது விளங்கியது.

"அந்தச் சின்ன பெல்ட்டை வெட்டிப் போட்டுட்டு ஓட்டலாம்லா அண்ணாச்சி? நெறய பேரு அப்படித்தான ஓட்டுதாவ," என்றான் உதவிக்கு நின்ற பையன்.

"ஓட்டலாம்ல. வண்டி ஓடும். ஒரு தண்ட நிப்பாட்டிட்டு ஒண்ண ஓடவிட்டா, ஒத்த மாட்டப் பூட்டி உழுத கதைதான்."

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. பேலன்சர் பெல்ட் அறுந்தால் அதன் துண்டுகள் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் பல் தாண்ட வைக்கும். அமைதிக்காகப் போட்ட பெல்ட்டே என்ஜினைக் கொல்லலாம். அதற்குப் பயந்துதான் பலர் கழற்றிப் போடுகிறார்கள். அண்ணாச்சியின் கட்சி வேறு. பயமாக இருந்தால் சரியாகப் போடு.

பெரிய பெல்ட்டைக் கழற்றினார். எதிர்ப்பக்கமாக மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் தாங்கி, ஓடும் திசைக்குச் சாக்பீஸால் அம்பு போட்டு, துணியில் வைத்தார். கூர்மையாக மடித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடிந்துவிடும். வெளியே தழும்புகூடத் தெரியாது. ஆயில் சீல்களை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

"இதுல எண்ணெ பட்டா பெல்ட்டு ஊறிப் பல்லு உதிந்துரும். அருவியிலயும் எண்ணெ, சோப்புக்குத் தடை, இங்கயும் தடை," என்றார்.

பிறகு சின்ன பெல்ட். அதன் டென்ஷனர் புல்லியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் போல்ட்டை முடுக்கினார். முடுக்கும்போது போல்ட்டோடு சேர்ந்து புல்லியும் திரும்பினால் பெல்ட் தேவைக்கு மேல் இறுகிவிடும். அதற்காகத்தான் அந்தப் பிடி. முடுக்கியபின் நடுவில் ஆள்காட்டி விரலால் அழுத்தினார். ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும். அதிகம் இறுகினால் பெல்ட் விசிலடிக்கும், பேரிங் தேயும். தொங்கினால் பல் தாண்டும்.

"நீங்க அழுத்திப் பாருங்க," என்று பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

பெரியப்பா அழுத்தினார். மில்லில் ஆயிரம் பெல்ட்டை அழுத்திய விரல். "மிருதங்கம் மாதிரி இருக்கு," என்றார். அதற்கு மேல் சரியான அளவை யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்து ஆயில் பம்பின் பல்சக்கரம். குறி நகர்ந்தது, கீழே போனது, மேலே வந்தது, பழைய இடத்தில் வந்து நின்றது. பார்வைக்கு எதுவுமே மாறவில்லை. அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரை ஓட்டைக்குள் விட்டார். வழுக்கிக்கொண்டு பிடிவரை இறங்கியது.

பையன் 'ஆ' என்றான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸ்க்ரூடிரைவரை அங்கேயே தண்டுக்குப் பூட்டாக நிறுத்திவிட்டுப் பெரிய பெல்ட்டை ஏற்றினார்கள். இழுபடும் பக்கத்தில் தொங்கலே இருக்கக் கூடாது, மிச்சமெல்லாம் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தியதும் ஸ்பிரிங் தானே பெல்ட்டைத் தள்ளி இறுக்கியது. அவர் கையால் தள்ளவில்லை. "ஸ்பிரிங்குக்குத் தெரியும், நம்ம கை பலம் எதுக்கு?" என்றார். கிராங்கைச் சில பல் முன்னால் நகர்த்தி, போல்ட்டை முடுக்கினார். ஸ்க்ரூடிரைவரை உருவியபின் கையாலேயே இரண்டு முழுச்சுற்று. எங்காவது முட்டினால் பலம் காட்டக் கூடாது, அங்கேயே நிறுத்த வேண்டும். முட்டவில்லை. குறிகள் மறுபடி கூடின. மறுபடி ஒரு தடவை ஓட்டைக்குள் கம்பி. இறங்கியது. அதற்குப் பிறகுதான் திருகு மூடி.

*

"புளியரை வரைக்கும் போய்ட்டு வாங்க. ஏத்தத்துல தெரியும்," என்றார்.

செங்கோட்டையைத் தாண்டியதும் வயல், வயலுக்குப் பின்னால் மலை, மலைமேல் மேகம் என்று மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி வந்தன. கொல்லத்துக்குப் போகும் ரயில்பாதை பக்கத்திலேயே வருகிறது. 1904-இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை, 2018-இல் அகலப் பாதையாகி மறுபடி முழுசாக ஓடத் தொடங்கியது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போன லாரி ஒன்று எங்களுக்குப் பின்னால் முக்கிக்கொண்டு வந்தது.

பெரியப்பா என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அவரே கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, தமிழ்நாட்டுப் பதிவெண்ணை எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

பட்டறைக்குத் திரும்பியபோது பையன் டீ வாங்கி வந்திருந்தான். அண்ணாச்சி பெல்ட் மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதினார். அடுத்து பிரிப்பவருக்குத் தெரிய வேண்டுமே. பெரியப்பா பக்கத்தில் நின்று, "ஓட்டைக்குள்ள பாத்தாச்சுன்னும் எழுதுங்க," என்றார்.

"அத எழுதக் கூடாது. எழுதுனா அடுத்தவன் பாக்கமாட்டான்."

பெரியப்பாவுக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஓடிக்கொண்டிருந்த என்ஜின்மேல் தன் டீ கிளாஸை வைத்தார். டீயின் மேல் மெல்லிய வளையங்கள் ஓடின. முகம் லேசாகச் சுருங்கியது.

"அண்ணாச்சி, இன்னும் ஆடுதே?"

"டீசல் வண்டிலா," என்றார் அண்ணாச்சி. கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ஆடத்தான் செய்யும். சிந்துதான்னு பாருங்க."

சிந்தவில்லை. பெரியப்பா குடித்து முடித்துவிட்டுப் பணத்தை நீட்டினார். அதற்கு முன்னால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டார்.